குவியம் எட்டாத தொலைநோக்கி

பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலைக்கு மேற்கே அமைந்துள்ள ஊர் ஆனேக்கல். வடக்கிலும் வடமேற்கிலும் எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பகுதிகளின் விளக்கொளி இரவு முழுவதும் அடிவானத்தை வெளிறச் செய்கிறது. மேற்கே பன்னேர்கட்டாக் காடும் தெற்கே தளிப் பகுதியின் குன்றுகளும் இருத்தலின் அத்திசைகளில் வானம் இன்னும் ஓரளவு இருண்டே காணப்படுகின்றது. இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 12.7 பாகையில் உள்ளது. ஆகவே லண்டன் நகரத்தார் தம் ஊரிலிருந்து ஒருபோதும் காணவியலாத ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து, இங்கே மே மாத இரவுகளில் தென்வானில் சுமார் 30 பாகை உயரம் வரை ஏறுகின்றது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி இருந்தால் மாணாக்கருக்குக் காட்டத்தக்க பொருள்களுக்குக் குறைவில்லை.

ஆயினும் பல பள்ளிகளில் தொலைநோக்கி அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. முதல் இரவில் ஆசிரியர் அதைச் சந்திரனை நோக்கித் திருப்புகிறார். ஒளி வருகிறது, ஆனால் தெளிவான உருவம் வருவதில்லை. குமிழைத் திருகத் திருக, வெளிறிய வட்டம் சிறுத்துக்கொண்டே வந்து, இன்னும் சிறிது திருகினால் தெளிந்துவிடும் என்னும் நிலையில் குழல் முட்டி நின்றுவிடுகிறது. ஆடி பழுது, வில்லை மட்டம், வாங்கிய பணம் வீண் என்ற முடிவுக்கு வந்து கருவியைப் பெட்டியில் வைத்து மூடுகின்றனர். பெரும்பாலும் ஆடியிலும் பழுதில்லை, வில்லையிலும் பழுதில்லை. சில சென்டிமீட்டர் நீளம் போதாமை அல்லது மிகுதியே குறை. சில வேளைகளில் அந்நீளம் ஒரு கட்டைவிரலின் அகலத்துக்கு மேல் இராது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கு வேண்டுவன ஒரு அளவுகோலும், ஒரு துண்டு எண்ணெய்க் காகிதமும், கூட்டல் கழித்தலுமே.

பிம்பம் எங்கே விழுகிறது?

தொலைநோக்கியின் முன்புறத்திலுள்ள பொருளருகு வில்லையோ, குழலின் அடியிலுள்ள குழியாடியோ, விண்பொருளின் உருவத்தை ஒரு குறிப்பிட்ட தளத்தில் அமைக்கிறது. இதுவே குவியத் தளம். இத்தளத்தின் இடத்தை அவ்வில்லை அல்லது ஆடியே நிர்ணயிக்கிறது. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லைத் தொகுதி, அதாவது கடைக்காரர்கள் ஐபீஸ் என்று கூறும் கண்ணருகு வில்லை, அப்பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஓர் உருப்பெருக்கியேயாகும். உருப்பெருக்கியைப் பொருளுக்கு உரிய தொலைவில் பிடித்தால்தான் தெளிவு உண்டாகும். ஆகவே கண்ணருகு வில்லைதான் குவியத் தளத்தைத் தேடிச் செல்லவேண்டும். குவியத் தளம் அதைத் தேடி வாராது.

நில அளவைத் துறையில் பணிபுரிவோருக்கு இது புதிதன்று. 1800ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் பெங்களூருக்கருகே அடிக்கோடு ஒன்றை அளந்த காலத்திலிருந்து இன்றுவரை, தியோடலைட்டைக் கையாளுவோர் முதலில் கண்ணருகு வில்லையைக் குறுக்கு நூல்களின் மீது தெளிவாக்கிக்கொண்டு, பின்னரே தொலைவிலுள்ள குறியின் பிம்பத்தை அந்நூல்களின் தளத்துக்குக் கொண்டுவருகின்றனர். இரண்டும் ஒரே தளத்தில் பொருந்தாவிடில் கண்ணை அசைக்கும்போது நூலும் குறியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதைக் காண்கின்றனர். வானைப் பார்க்கும் தொலைநோக்கியில் குறுக்கு நூல் இல்லை; அதன் இடத்தில் கண்ணருகு வில்லையின் தடுப்பு வளையம் இருக்கிறது. பார்வை வட்டத்தின் கூரிய விளிம்பாகத் தோன்றுவது இவ்வளையமே. பிம்பம் இவ்வளையத்தின் தளத்தில் விழுந்தால் தெளிவு; விழாவிடில் மங்கல்.

இத்தடுப்பு வளையம் எல்லாக் கண்ணருகு வில்லைகளிலும் ஒரே இடத்தில் இல்லை. சிலவற்றில் தோளுக்குக் கீழே குழலுக்குள் அமைந்திருக்கும். சிலவற்றில் தோளுக்கு மேலே இருக்கும். ஹைகன்ஸ் வகையில் இரண்டு வில்லைகளுக்கும் இடையே இருத்தலின் வெளியிலிருந்து தொடவே இயலாது. ராம்ஸ்டன் வகையில் அது வில்லைகளுக்கு வெளியே இருக்கிறது. குறுக்கு நூல் பொருத்துவதற்கு ராம்ஸ்டன் வகை ஏற்றதாயிருப்பது இதனாலேயே. ஒரு வில்லையைக் கழற்றி வேறொன்றைச் செருகும்போது மீண்டும் குமிழைத் திருக வேண்டியிருப்பதன் காரணமும் இதுவே. 25 மில்லிமீட்டர் வில்லையில் தெளிவாகத் தெரிந்த சந்திரன் 6 மில்லிமீட்டர் வில்லையில் எட்டாமற் போனால், உடனே பின்னதைக் குறைகூறுதல் தகாது. வளையத்தின் இடத்தைப் பார்க்கவேண்டும்.

பார்ப்பவரின் கண்ணும் சிறிது கணக்கில் வரும். கிட்டப்பார்வை உடையவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் வில்லையை உள்நோக்கி நகர்த்தவேண்டும். கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் இருபடியாக்கி, கண்ணாடியின் டயாப்டர் எண்ணால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் நகர்வு கிடைக்கும். 2 டயாப்டர் கிட்டப்பார்வைக்கு 25 மில்லிமீட்டர் வில்லையில் இது 1.25 மில்லிமீட்டரே. வரிசையில் நிற்கும் மாணாக்கர் ஒவ்வொருவரும் குமிழைத் தொடவேண்டியிருப்பது இவ்வளவுக்காகத்தான். சென்டிமீட்டர்க் கணக்கான குறைக்குக் கண் காரணமாகாது.

எண்ணெய்க் காகிதச் சோதனை

குவியத் தளம் எங்கே இருக்கிறதென்று அறிய எளிய வழியொன்று உண்டு. வளர்பிறையில் சந்திரன் நன்கு ஒளிரும் ஓர் இரவில் தொலைநோக்கியை அதன்மீது திருப்பவேண்டும். கண்ணருகு வில்லை, டயகனல் முதலிய யாவற்றையும் கழற்றிவிட்டு, குவிப்புக் குழலை முற்றிலும் உள்ளே தள்ளிவிட வேண்டும். பின்னர் எண்ணெய் தடவிய மெல்லிய காகிதத்தைக் குழல் வாய்க்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால், ஓரிடத்தில் சந்திரனின் சிறிய உருவம் கூர்மையாக விழும். அதன் விட்டம் தொலைநோக்கியின் குவியத் தூரத்தில் சுமார் 110இல் ஒரு பங்கு. 1,200 மில்லிமீட்டர்த் தொலைநோக்கியில் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். காகிதத்துக்கும் குழல் வாய்க்கும் இடையேயுள்ள தொலைவை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இச்சோதனையைச் சூரியனைக் கொண்டு செய்தல் கூடவே கூடாது; காகிதம் தீப்பற்றும், அருகில் குனியும் கண்ணுக்கும் கேடு.

உருவம் குழலுக்கு வெளியே விழாமல் உள்ளேயே விழுந்தால் காகிதத்தைக் குழலுக்குள் செலுத்தவேண்டும். பழைய 35 மில்லிமீட்டர் புகைப்படச் சுருளின் பிளாஸ்டிக் டப்பா எங்கேனும் கிடைக்குமாயின் அது 1¼ அங்குலக் குழலில் ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். அடியை வெட்டிவிட்டுக் காகிதத்தை ஒட்டினால் நல்ல சோதனைத் திரையாகும்.

பகலில் சோதிப்போர் ஒரு செய்தியை மறத்தலாகாது. அண்மைப் பொருளின் பிம்பம் விண்பொருளின் பிம்பத்தைவிட வெளியே தள்ளி விழும். குவியத் தூரத்தின் இருபடியை, பொருளின் தொலைவிலிருந்து குவியத் தூரத்தைக் கழித்து வந்த எண்ணால் வகுத்தால் இத்தள்ளல் தெரியும். 700 மில்லிமீட்டர்க் குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கியைப் பள்ளி வளாகத்தில் 20 மீட்டர் தொலைவிலுள்ள தென்னையின்மீது திருப்பினால் பிம்பம் 25 மில்லிமீட்டர் வெளியே விழுகிறது. 100 மீட்டரில் 5 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்துக்கு அரை மில்லிமீட்டர். ஆதலின் பகலில் தென்னை மட்டையைத் தெளிவாகக் காட்டிய கருவி இரவில் விண்மீனைக் காட்டாமற் போவது வியப்பன்று. அதற்கு இன்னும் 25 மில்லிமீட்டர் உள்நகர்வு தேவைப்படுகிறது. இரவில் நன்றாய் வேலை செய்யும் கருவி பகலில் அண்மைப் பொருளைக் காட்டாதிருப்பதும் இதன் மறுபுறமேயாகும். சோதனைக்கு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருளையே கொள்ளவேண்டும்.

வரவும் செலவும்

அளந்த தொலைவை வரவாகவும், இடையில் செருகும் ஒவ்வொரு துணைக்கருவியின் ஒளிப்பாதை நீளத்தைச் செலவாகவும் கொள்வது வசதியான முறை. எடுத்துக்காட்டாக, 60 மில்லிமீட்டர் விட்டமும் 700 மில்லிமீட்டர்க் குவியத் தூரமும் உள்ள வில்லைத் தொலைநோக்கி ஒன்றில், குழலை முற்றிலும் உள்ளே தள்ளிய நிலையில், பிம்பம் குழல் வாய்க்கு 110 மில்லிமீட்டர் வெளியே விழுவதாகக் கொள்வோம். குழல் 60 மில்லிமீட்டர் வரை வெளியே நீளும். கண்ணருகு வில்லையை நேரே செருகினால், குழலை முழுதும் நீட்டியபோதும் இன்னும் 50 மில்லிமீட்டர் போதாது. உருவம் தெரியாது. பலர் ஏமாறும் இடம் இதுவே. இக்கருவி டயகனலுடன் பயன்படுத்துவதற்கென்றே ஆக்கப்பட்டது. ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் இத்துணைக்கருவி 1¼ அங்குல அளவில் சுமார் 75 மில்லிமீட்டர்ப் பாதையை எடுத்துக்கொள்ளும். 110இலிருந்து 75 போக எஞ்சுவது 35. குழலை 35 மில்லிமீட்டர் நீட்டினால் உருவம் தெளியும்; இருபுறமும் நகர இடமும் இருக்கும். டயகனல் தொலைந்துபோன பள்ளியில் வேறு வில்லை வாங்குவதற்குப் பதில் 50 முதல் 80 மில்லிமீட்டர் நீட்டுக் குழல் ஒன்று போதுமானது. கழுத்து வலிக்கும் என்பது வேறு.

இனி அடாப்டர்கள். பழைய சிறு தொலைநோக்கிகளின் கண்ணருகு வில்லைகள் 24.5 மில்லிமீட்டர்க் குழல் உடையவை. இன்று பரவலாக விற்பனையாவன 1¼ அங்குலம், அதாவது 31.75 மில்லிமீட்டர். பெரியவை 2 அங்குலம், 50.8 மில்லிமீட்டர். சிறியதிலிருந்து பெரியதற்கு மாற்றும் அடாப்டர் பழைய குழலின் மேலே அமர்வதால் சுமார் 25 மில்லிமீட்டர் செலவாகும். மேற்கண்ட கருவியில் 35இலிருந்து 25 போக 10 எஞ்சுகிறது; தப்பிற்று. ஆனால் குவியத் தளம் குழல் வாய்க்கு 15 அல்லது 20 மில்லிமீட்டரே வெளியே விழும் நியூட்டன் வகைக் கருவியில் அதே அடாப்டர் யாவற்றையும் கெடுத்துவிடும். இருகண் பார்வைத் துணைக்கருவியோ 100 மில்லிமீட்டருக்கு மேல் கேட்கும். டயகனலையும் சேர்த்தால் இச்சிறு கருவி அதைத் தாங்காது. முப்பட்டகம் கொண்ட டயகனல் ஆடி கொண்டதைவிடச் சிறிது சிக்கனமானது. கண்ணாடிக்குள் செல்லும் பாதையில் மூன்றில் ஒரு பங்களவு பிம்பம் பின்தள்ளப்படுவதால், 38 மில்லிமீட்டர்க் கண்ணாடி 25 மில்லிமீட்டர்க் காற்றுக்குச் சமமாகவே கணக்கில் வரும்.

ஸ்மிட்-காசகிரேன் வகையில் இத்தொல்லை அரிது. அதில் குமிழைத் திருகும்போது பெரிய ஆடியே நகருகிறது. பொதுவான அமைப்பில் ஆடி 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் குவியம் சுமார் 26 மில்லிமீட்டர் நகரும். விலை மிகுந்த அக்கருவிகள் பள்ளிகளில் அருமையாகவே காணப்படுதலின் இதற்குமேல் விரிக்க வேண்டுவதில்லை.

ஆடியை உயர்த்துதல்

தாமே ஆடி தேய்த்துத் தொலைநோக்கி செய்வோர் இந்தியாவில் பலர் உளர். புனேயிலுள்ள ஐயூகா நிலையம் ஆசிரியர்களுக்கும் மாணாக்கருக்கும் இதற்கெனப் பயிலரங்குகள் நடத்தியுள்ளது. 150 மில்லிமீட்டர் விட்டமும் 1,200 மில்லிமீட்டர்க் குவியத் தூரமும் உள்ள நியூட்டன் வகை, இவ்வாறு செய்யப்படுவனவற்றுள் மிகவும் பழக்கமானது. கண்ணால் பார்க்கும்போது சரியாக வேலை செய்யும் இக்கருவியில் புகைப்படக் கருவியைப் பொருத்தியவுடன் குவியம் எட்டாமற் போகிறது. காரணம் கேமராவின் கூடு. கேமராவுக்குரிய டி-வளையம் என்னும் இணைப்பைப் பூட்டினால், திருகுத் தோளிலிருந்து உணர்தகடு 55 மில்லிமீட்டர் பின்னால் இருக்கும். இது அவ்விணைப்பின் நிலையான அளவு. கருவியின் குவியத் தளமோ, குழலை முற்றும் உள்ளே தள்ளிய நிலையில், 20 மில்லிமீட்டர் மட்டுமே வெளியே விழுகிறது எனக் கொள்வோம். 35 மில்லிமீட்டர் பற்றாக்குறை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. உயரம் குறைந்த குவிப்பானை வாங்கிப் பூட்டலாம்; செலவு மிகுதி. அடியிலுள்ள ஆடியைக் குழலுக்குள் 35 மில்லிமீட்டர் மேலே உயர்த்தலாம். ஆடியின் தாங்கியில் நீண்ட திருகாணிகளையும் வில்சுருள்களையும் இட்டோ, தாங்கிக்குப் புதிய துளைகள் இட்டோ இதைச் செய்யலாம்; செலவு அற்பம். ஆனால் முதலில் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். ஆடியிலிருந்து வரும் ஒளிக்கூம்பு மேலே செல்லச் செல்லக் குறுகுவது. சாய்வாடியின் மையத்திலிருந்து குவியத் தளம் வரை 165 மில்லிமீட்டர் இருந்தபோது, அவ்விடத்தில் கூம்பின் அகலம் 150ஐ 165ஆல் பெருக்கி 1,200ஆல் வகுத்தது, அதாவது 20.6 மில்லிமீட்டர். ஆடியை 35 மில்லிமீட்டர் உயர்த்தியபின் தொலைவு 200 ஆகிறது. கூம்பு 25 மில்லிமீட்டர். சாய்வாடியின் குறுக்களவு 30 மில்லிமீட்டராயின் போதும். 25 மட்டுமே உடையதாயின் பார்வை வட்டத்தின் ஓரங்கள் இருளும். இக்கணக்கைப் போடாமல் குழலில் துளையிடுதலோ, குழலை அறுத்தலோ கூடாது. அறுத்த குழல் மீண்டும் வளராது. உயர்த்தியபின் கண்ணால் பார்ப்பதற்கு 35 மில்லிமீட்டர் நீட்டுக் குழல் ஒன்றைச் செருகிக்கொண்டால் பழைய நிலை திரும்பிவிடும்.

மூன்றாவது வழி பார்லோ வில்லை. இங்கிலாந்தில் உல்விச் இராணுவக் கழகத்தில் கணித ஆசிரியராயிருந்த பீட்டர் பார்லோவின் பெயரால் இது வழங்குகிறது. இருபடி, முப்படி, மூலம் ஆகியவற்றின் அட்டவணைகளைத் தொகுத்தவரும் அவரே. முன்னாளில் கணக்கர் பலர் கைக்கொண்ட நூல் அது. இவ்வில்லை ஒளியை விரிக்கும் தன்மையது. குவியத்துக்குச் சற்று முன்னே அதை வைத்தால் குவிய விரைந்துவந்த கதிர்கள் தாமதப்பட்டு, பிம்பம் வெளியே தள்ளப்படுவதோடு பெரிதாகவும் ஆகிறது. 100 மில்லிமீட்டர்க் குவியத் தூரமுள்ள பார்லோ வில்லையைப் பழைய குவியத் தளத்துக்கு 50 மில்லிமீட்டர் முன்னே வைத்தால், புதிய பிம்பம் வில்லைக்கு 100 மில்லிமீட்டர் பின்னே, இருமடங்கு பெரிதாய் விழும். முன் கூறிய கருவியிலும் இது பயன்படும். பார்லோ வில்லை குழல் வாய்க்கு 30 மில்லிமீட்டர் கீழே அமைய, கேமராவின் தகடு வாய்க்கு 55 மில்லிமீட்டர் மேலே இருக்குமாயின், இரண்டுக்கும் இடையே 85 மில்லிமீட்டர். அதற்கு வில்லை பழைய குவியத்துக்கு ஏறத்தாழ 46 மில்லிமீட்டர் முன்னே நிற்கவேண்டும். குழலை 4 மில்லிமீட்டர் வெளியே இழுத்தால் அந்நிலை வந்துவிடுகிறது, பெருக்கம் 1.85 மடங்கு. ஆடியை அசைக்காமலே குறை தீர்ந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு: பிம்பம் மங்கும், காணும் வானப்பரப்புச் சுருங்கும். சந்திரனுக்கும் வியாழனுக்கும் இது நன்று. ஒமேகா சென்டாரிக்கு அவ்வளவு நன்றன்று.

இதே உபாயத்தை மிகப் பெரிய அளவில் காண விரும்புவோர் ஆனேக்கலிலிருந்து வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. கிழக்கே, நேர்கோட்டில் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் காவலூர் உள்ளது. அங்கே இந்திய வானியற்பியல் நிலையத்தின் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தொடங்கிவைக்கப்பட்டு, வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் பேராடி தன் விட்டத்தைப் போல் 3.25 மடங்கு தொலைவில், குழலின் முன்முனையில், பிம்பத்தை அமைக்கும். கனமான கருவிகளை அவ்வுயரத்தில் தொங்கவிடுதல் எளிதன்று. ஆகவே குவியத்துக்கு முன்னே ஒரு குவி ஆடி வைக்கப்பட்டு, ஒளி பேராடியின் நடுத்துளை வழியே பின்புறத்துக்கு அனுப்பப்படுகிறது. அங்கே குவியத் தூரம் விட்டத்தைப் போல் 13 மடங்கு. சரியாக நான்கு மடங்கு பெருக்கம். பார்லோ வில்லை கண்ணாடியால் செய்வதை இக்குவி ஆடி எதிரொளிப்பால் செய்கிறது. ஆடியின் பின்னே பிம்பம் எவ்வளவு தள்ளி விழவேண்டும், அங்கே பொருத்தப்படும் நிறமாலைக் கருவிக்கு எவ்வளவு இடம் தேவை என்பவை கருவியை வரையும்போதே கணக்கிடப்படுவன. சிறு தொலைநோக்கியை விற்போர் இக்கணக்கை ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தால் எவ்வளவோ நன்மை. ஒரு சிலரே வைக்கின்றனர்.

பட்டறையில் செய்விக்கும்போது

ஆனேக்கல் வட்டத்தாருக்கு ஒரு வசதி உண்டு. பொம்மசந்திரா, ஜிகணிப் பகுதிகளில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அலுமினியத் தண்டிலிருந்து ஓர் இணைப்பு வளையத்தையோ நீட்டுக் குழலையோ கடைந்து தருவது அங்குள்ள கைத்திறனாளருக்குப் பெரிய வேலையன்று. ஆனால் 1¼ அங்குலம் என்று வாயால் சொல்லிவிட்டு வருதல் போதாது. செருகும் பகுதியின் வெளிவிட்டம் 31.75 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாகவும், ஏற்கும் பகுதியின் உள்விட்டம் அதற்கு ஒரு மயிரிழை மிகுதியாகவும் இருக்குமாறு படம் வரைந்து எழுதிக் கொடுத்தல் வேண்டும். அசல் வில்லை ஒன்றையும் உடன்கொண்டு சென்று பொருத்திப் பார்த்துக்கொள்வது மேலும் நன்று.

திருகிலும் விழிப்பு வேண்டும். டி-வளையத்தின் திருகு 42 மில்லிமீட்டர் விட்டமும் 0.75 மில்லிமீட்டர்ப் புரியிடைவெளியும் உடையது. பழைய கேமரா லென்சுகள் சிலவற்றின் திருகும் அதே 42 மில்லிமீட்டர் விட்டமே. ஆனால் புரியிடைவெளி 1 மில்லிமீட்டர். ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்றுச் சுற்றிப் பின் இறுகிவிடும். பொருந்திவிட்டது என்று எண்ணி மேலும் முறுக்கினால் இரண்டு திருகும் கெடும். உட்புறத்தை மங்கலான கருநிறமாக்கவும் சொல்லவேண்டும். பளபளக்கும் உட்சுவர் சந்திரனைச் சுற்றி ஒளிப்புகை படரச் செய்யும்.

வளையத்தின் நீளத்தைக் குறிக்கும்போது தேவையான அளவுக்கு மேல் கூட்டாதிருத்தல் நலம். வெளிநகர்வு போதாவிடில் இன்னொரு வளையத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்; உள்நகர்வு போதாவிடில் வளையத்தைக் குறைக்கத்தான் வேண்டும். கடைந்து முடித்த துணைக்கருவி ஒவ்வொன்றின் மீதும் அதன் பாதை நீளத்தைப் பொறித்து வைக்கலாம். தொலைநோக்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதி ஒட்டினால், அடுத்து மாறுதலாகி வரும் ஆசிரியருக்கு அது பெரிய உதவி: குழல் முற்றும் உள்ளே இருக்கும்போது பிம்பம் விழும் தொலைவு, குழலின் நகர்வு, டயகனலின் பாதை நீளம்.

சூரியனைத் திரையில் வீழ்த்துதல்

2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் கேரளத்தின் வழியாகவும் தமிழ்நாட்டின் தென்பகுதி வழியாகவும் செல்லவிருக்கிறது. ஆனேக்கலில் அது பகுதி கிரகணமாகத் தெரியும். அன்று பள்ளிதோறும் தொலைநோக்கிகள் வெளியே எடுக்கப்படும். ஆகவே ஓர் எச்சரிக்கை இப்போதே அவசியம். பழைய 24.5 மில்லிமீட்டர்க் கருவிகள் சிலவற்றுடன், கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும் சிறு கறுப்புக் கண்ணாடி ஒன்று சூரியனைப் பார்ப்பதற்கென்று தரப்பட்டது. குவிந்த வெப்பம் முழுவதும் அதன்மீது விழுதலின் அது திடீரென வெடிக்கக்கூடும். அக்கணமே பார்ப்பவரின் கண் போய்விடும். இக்கண்ணாடி கிடைத்தால் உடைத்தெறிவதே தக்கது. நேரே பார்ப்பதற்குத் தொலைநோக்கியின் முன்வாய் முழுவதையும் மூடும் தகுந்த சூரிய வடிகட்டி வேண்டும். இன்றேல் திரையில் வீழ்த்திக் காணவேண்டும்.

திரையில் வீழ்த்தும் முறை குவியக் கணக்கின் மற்றொரு பயனேயாகும். சூரியனின் நேர்ப்பிம்பம் குவியத் தூரத்தில் சுமார் 107இல் ஒரு பங்கு. கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1904ஆம் ஆண்டு முதல் சூரியனின் வெள்ளொளிப் படங்கள் எடுக்கப்பட்டு வருகின்றன. அப்பணிக்கு நெடுங்காலம் பயன்பட்டுவரும் 15 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி, 1850இல் சென்னை வானாய்வு நிலையத்துக்கு வந்த கருவி. தகட்டில் விழும் சூரியனின் விட்டம் 20 சென்டிமீட்டர். இவ்வளவு பெரிய பிம்பம் நேரடியாக விழவேண்டுமாயின் 21 மீட்டருக்கு மேல் குவியத் தூரம் வேண்டும். சிறிய முதற் பிம்பத்தை இன்னொரு வில்லை பெருக்கித் தருவதனாலேயே அத்தனை நீளமின்றி அது கைகூடுகிறது. பள்ளித் தொலைநோக்கியில் கண்ணருகு வில்லை இதே வேலையைச் செய்யும்.

700 மில்லிமீட்டர்க் கருவியில் சூரியனின் முதற் பிம்பம் 6.5 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர்க் கண்ணருகு வில்லையைப் பொருத்தி, அதற்கு 300 மில்லிமீட்டர் பின்னே வெள்ளை அட்டையைப் பிடித்தால், 11 மடங்கு பெருகி, 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள சூரியன் அட்டையில் விழும். இதற்கு வில்லையைக் கண்ணால் பார்க்கும் நிலையிலிருந்து 2.3 மில்லிமீட்டர் வெளியே இழுத்தல் வேண்டும். ஆகவே வெளிநகர்வில் சிறிது இடம் எஞ்சியிருக்கிறதா என்பதை முன்னரே பார்த்துவைக்கவேண்டும். பசை வைத்து ஒட்டிய வில்லைகள் வெப்பத்தால் கெடும். ஒட்டுவில்லைகள் இல்லாத பழைய ஹைகன்ஸ் வகையே இதற்கு ஏற்றது. மட்டம் என்று ஒதுக்கப்பட்ட வில்லைக்கு இங்கே வேலை கிடைக்கிறது. சிறு வழிகாட்டித் தொலைநோக்கியின் வாயை மூடிவிட்டு, குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை கருவியைத் திருப்பினால், எவரும் கண் வைக்காமலே சூரியன் அட்டைக்கு வந்துவிடும். கருவியருகே ஓர் ஆசிரியர் கடைசிவரை நிற்கவேண்டும். அட்டையைச் சுற்றி ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு மாணாக்கர் நின்று பார்க்கலாம்.